விழுங்கப்பட்ட ஓர் எழுத்து

கடந்த மார்கழியில் இரண்டு நாள் காலைப் பொழுதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் தென்புற அடித்தளத்தின் முன்னால் கழித்தேன். அங்கே ஓடும் கல்வெட்டு வரிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நீளமான படமாக எடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். எண்ணம் என்னுடையதன்று, இரவல். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இந்த விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858இல் 21 காகித நெகட்டிவ்களில் எடுத்து, அவற்றின் பிரதிகளை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதைக் கணினித் திரையில் உருட்டி உருட்டிப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஓர் ஆசை. அவர் நினைத்தும் பார்த்திராத கருவி என் கையில் இருக்கிறதே, அவர் செய்ததை நான் இன்னும் நன்றாகச் செய்துவிடலாமே என்ற ஆசை.

தென்புறத்தை நான் தேர்ந்தெடுத்தது வெயிலுக்காக. மார்கழியில் சூரியன் தென்கிழக்கே ஒதுங்கி எழுவதால், காலை வெயில் தெற்குச் சுவரைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு விழும். வெட்டெழுத்தின் ஒரு கரை ஒளியிலும் மறுகரை நிழலிலும் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைய எழுத்துகள் நேற்றுக் கொத்தியவை போலத் துலங்கும். வெயில் ஏறியதும் மறுபடியும் கல்லுக்குள் அமிழ்ந்துவிடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாதலால் முன் அனுமதி இல்லாமல் முக்காலி வைக்க முடியாது. ஆகவே கேமராவைக் கையில் பிடித்தபடி, இரண்டடிக்கு ஒரு படமாகப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எடுத்தேன். முதல் நாள் 60 படங்கள், மறுநாள் 80.

வீட்டுக்கு வந்து, படங்களை ஒட்டித் தரும் மென்பொருளிடம் அவற்றை ஒப்படைத்தேன். பத்து நிமிடத்தில் ஒட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாத நீண்ட படம் ஒன்று வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. பிறகு 1890களில் பதிப்பிக்கப்பட்ட கல்வெட்டுப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஓரிடத்தில் ஓர் எழுத்தைக் காணவில்லை. கல் சிதைந்திருக்கும் என்று எண்ணி அந்த இடத்தின் தனிப்படத்தைத் திறந்தால், எழுத்து முழுதாக இருக்கிறது. நடந்தது இதுதான். அதிட்டானம் என்னும் அந்த அடித்தளம் தட்டையான சுவர் அன்று. ஜகதி, குமுதம் என்று புடைத்தும் உள்வாங்கியும் அடுக்கப்பட்ட உறுப்புகளால் ஆனது. கேமரா பக்கவாட்டில் நகரும்போது, புடைத்திருக்கும் பகுதி அதிகமாகவும் உள்வாங்கிய பகுதி குறைவாகவும் இடம் மாறித் தெரியும். இரண்டையும் ஒருசேரப் பொருத்த வழியில்லாத மென்பொருள் எங்கோ ஓரிடத்தில் கணக்கைச் சரிக்கட்டத்தான் வேண்டும். கொடைகளைப் பட்டியலிடும் கல்வெட்டில் ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் அதற்கு அது எளிதாகவும் போயிற்று. ஒட்டுத் தெரியக் கூடாது என்பதற்காக அது ஓர் எழுத்தை விழுங்கிவிட்டது.

அந்த வாரத்தில்தான் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டுகளில் ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். அதைக் கேமராவில் போடலாமா என்பது அவன் கேள்வி. “காலத்துக்கும் நிக்கிற மாதிரி படம் எடுக்கணும் மாமா. அதுக்குக் கேமரா முக்கியமா, எடுக்கிற ஆள் முக்கியமா?” என்று கேட்டான். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை எல்லாருக்கும் தெரியும்: கருவியில் ஒன்றுமில்லை, பார்க்கும் கண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்க இதமான விடைதான். ஆனால் இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்ல கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் சொல்கிறார்கள் என்பதால், எனக்கு இதன்மேல் நெடுநாளாக ஐயம் உண்டு. ஒரு வாரம் பொறு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத எழுத நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

முதலில் ட்ரைப். அவர் காலத்தில் ஈரக் கொலோடியன் முறை பரவத் தொடங்கியிருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, அது உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. கூர்மையில் அதற்கு இணையில்லை. ஆனால் நம் ஊர் வெக்கையில் அந்தக் கால் மணியும் சுருங்கிவிடும். ட்ரைப் மெழுகு பூசிய காகித முறையைக் கையாண்டார். காகிதத்தை மெழுகில் தோய்த்துச் சில நாட்கள் முன்னதாகவே பக்குவப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த நிலையிலேயே படமெடுக்கலாம். கழுவுவதற்கும் அவகாசம் உண்டு. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு இதுதான் தோது. இதற்கு அவர் கொடுத்த விலை நேரம். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஒளி படவேண்டும். அவருடைய மதுரைப் படங்களிலும் திருவரங்கப் படங்களிலும் தெருக்களும் பிராகாரங்களும் ஆளற்றுக் கிடப்பதைப் பார்த்து, அந்தக் காலத்தின் அமைதி என்று பெருமூச்சு விடுகிறோம். ஆட்கள் இருந்திருப்பார்கள், நடந்துகொண்டிருந்ததால் காகிதத்தில் தங்கவில்லை. நாம் கவித்துவம் என்று வியப்பதில் ஒரு பகுதி, மெழுகுத் தாளின் மந்த குணம்.

அவருடைய கேமரா பெரியதாக இருந்ததற்கும் காரணம் உண்டு. அப்போது நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரதி எடுக்கும் வசதி நடைமுறையில் இல்லை. நெகட்டிவைத் தாளின்மேல் ஒட்ட வைத்து வெயிலில் காட்டுவார்கள். நெகட்டிவ் என்ன அளவோ பிரதியும் அதே அளவு. பெரிய படம் வேண்டுமானால் பெரிய கேமராவைச் சுமக்க வேண்டியதுதான். அவர் பயன்படுத்திய தாள் ஏறத்தாழ 12க்கு 15 அங்குலம். அத்தனை பெரிய பெட்டியை ஒரு முறை நகர்த்தி, மட்டம் பார்த்து, முந்தைய இடத்தில் இருந்த அதே தொலைவிலும் அதே உயரத்திலும் நிறுத்துவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சுவரடியில் நின்றபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருக்கு 21 வாய்ப்புகள்தாம். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். எனக்கு 140 வாய்ப்புகள் இருந்தன, ஆகவே ஒன்றையும் தீர்மானிக்கவில்லை.

அந்தக் காலத்துக் காகித நெகட்டிவ் நீல ஒளிக்கு மட்டும் மிகையாக விழித்துக்கொள்ளும் என்பதால், வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும். ட்ரைப் நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களைச் சேர்த்திருக்கிறார்! இன்றைய இளைஞர்கள் வானத்தை மாற்றுகிறார்கள் என்று அங்கலாய்க்கும் மூத்த புகைப்படக்காரர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். இந்தப் படங்களைக் கலையாகப் பார்த்து யாரும் அப்போது பணம் கொடுக்கவில்லை. அரசு ஆவணம் என்ற கணக்கில்தான் சென்னை மாகாணம் அவரைப் பணியில் வைத்திருந்தது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இந்த நிதிநிலையில் புகைப்படம் ஒரு ஆடம்பரம் என்று கருதி அந்த வேலையை நிறுத்திவிட்டார். ட்ரைப் அதன்பிறகு அந்த அளவில் படமெடுக்கவில்லை.

குறையுள்ள கருவியிலிருந்து தன் வழியைக் கண்டுகொண்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜூலியா மார்கரெட் கேமரனைச் சொல்வேன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவருடைய 48ஆம் வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் உள்ள தன் வீட்டின் நிலக்கரி அறையை இருட்டறையாகவும், கோழிக்கூட்டைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்புக் கூடமாகவும் மாற்றிக்கொண்டு வேலையில் இறங்கினார். அந்தக் கேமராவின் லென்ஸில் நிறப்பிறழ்ச்சி இருந்தது. அதாவது, கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் ஒளியும், தகட்டின்மீது வேலை செய்யும் நீல ஒளியும் ஒரே இடத்தில் குவியாது. குவியம் பார்க்கும் பின்கண்ணாடியில் கூர்மையாகத் தெரிந்த முகம் தகட்டில் சற்று மங்கிப்போய் வரும். விமர்சகர்கள் குவியம் பார்க்கத் தெரியாத பெண்மணி என்று எழுதினார்கள். அவரோ, திருகிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் முகம் தன் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிடுவதாகவும், மற்றவர்களைப் போலக் கூர்மை வரும்வரை திருகுவதில்லை என்றும் பின்னாளில் எழுதினார்.

இதில் யார் சொல்வது சரி என்பதற்கு ஒரு சோதனை தானாகவே நடந்திருக்கிறது. 1866இல் அவர் இன்னும் பெரிய கேமராவையும், அந்தப் பிழை பெரிதும் திருத்தப்பட்ட டால்மேயர் லென்ஸையும் வாங்கினார். குறை போய்விட்டது. மங்கல் போகவில்லை. வானியலாளர் ஜான் ஹெர்ஷலை அவர் 1867இல் எடுத்த படம் அந்த இரண்டாவது கருவியின் காலத்தது. இருளிலிருந்து எழும் அந்தக் கிழவரின் கண்களும் கலைந்த வெண்முடியும், எந்த இழை எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடிதான் இருக்கின்றன. பழுதான கருவி ஒரு வாசலைக் காட்டியது. கருவி மாறிய பிறகும் அவர் அந்த வாசல் வழியாகவே போனார். நல்ல லென்ஸை முதலிலேயே வாங்கியிருந்தால் அந்த வாசல் அவர் கண்ணில் பட்டிருக்குமா என்பதற்கு என்னிடம் விடையில்லை.

கேமரனைப் பற்றிப் பேசும்போது அவருடைய இலங்கை வாழ்க்கையை நாம் விட்டுவிடக் கூடாது. கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் குடும்பம் அங்கே போய்விட்டது. களுத்துறையிலும் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களை, அவர்களில் தமிழர்களையும், அவர் படமெடுத்தார். அந்த நான்காண்டுப் படங்களில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அதே கண், அதே கை. ஆனால் கொலோடியனுக்கு வேண்டிய குளிர்ச்சியும் நல்ல தண்ணீரும் வேதிப்பொருள்களும் வைட் தீவில் கிடைத்தது போல வெப்ப நாட்டில் கிடைப்பது அரிது. கருவி என்றால் கேமராவும் லென்ஸும் மட்டும்தான் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும், தண்ணீரும் கருவிதான். அவர் 1879இல் அங்கேயே இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கருவி முக்கியமில்லை என்பதற்குச் சாட்சியாக அடிக்கடி அழைக்கப்படுகிறவர் செக் நாட்டு மிரோஸ்லாவ் டிச்சி. அட்டை, நூல்கண்டு, பழைய டப்பா என்று கிடைத்ததை வைத்துத் தன் கேமராக்களைத் தானே செய்துகொண்டார். லென்ஸை அக்ரிலிக்கில் வெட்டி, பற்பசையும் சிகரெட் சாம்பலும் கொண்டு தேய்த்தார். அவரை அழைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டிச்சியின் படங்களில் நம்மை நிறுத்துவதே அந்தச் சாம்பல் தேய்த்த லென்ஸின் புகைமூட்டம்தான். அவரைப் போலக் கருவியோடு ஒட்டிப்போன கலைஞர் குறைவு. மலிவான கருவி என்பதும் கருவியே இல்லை என்பதும் ஒன்றல்ல.

மற்றொரு பக்கம், சிறிய கருவி எங்கே அனுமதி பெற்றுத்தருகிறது என்பதற்குத் திருவண்ணாமலைக்கே போகலாம். 1950 ஏப்ரலில், ரமண மகரிஷி உடல் நலிந்து கிடந்த கடைசி நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அங்கே இருந்தார். அவர் கையில் இருந்தது 1932 முதல் அவர் விடாமல் வைத்திருந்த வகைக் கேமரா, லைக்கா. திரைப்படச் சுருளையே பயன்படுத்தி, 24க்கு 36 மில்லிமீட்டர் அளவே உள்ள நெகட்டிவில் படமெடுக்கும்படி ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்து, 1925இல் விற்பனைக்கு வந்த கருவி அது. உள்ளங்கையில் அடங்கும், சத்தமும் குறைவு. பிரெஸ்ஸோன் அதன் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடி வைத்திருப்பார், ஃபிளாஷ் போடமாட்டார். மரணப் படுக்கையில் இருக்கும் ஒரு துறவியின் அறை வாசலில், அன்றைய பத்திரிகைக்காரர்களின் பெட்டிக் கேமராவும் பல்பு வெடிப்பும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கருவியின் சிறுமை அங்கே ஒரு மரியாதை.

ஆனால் இதை வைத்துச் சிறியதே நல்லது என்று சொல்லவும் வழியில்லை. அதற்கு நான்காண்டுகள் முன்பு, 1946இல், அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் மார்கரெட் பூர்க்-வைட் காந்தியை ராட்டையோடு எடுத்தபோது பெரிய கேமராவும் ஃபிளாஷ் பல்புகளுமாகத்தான் வந்தார். முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு மூன்று பல்புகளுக்கு மேல் கூடாது என்றார்கள். அந்தப் படமும் நிலைத்துவிட்டது. இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்த அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் முதல் தேதி மாலை, நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் என்ற சிற்றூரின் கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில் விழுவதைக் கண்டு வண்டியை நிறுத்தி, 8க்கு 10 அங்குலக் கேமராவை அவசரமாக நிறுத்தியபோது ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் மனத்தில் இருந்தது. அதைக் கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. ஒளிமானி இல்லாமலே எடுத்தார் என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன்: ஒளிமானி அவருக்குள் இறங்கிவிட்டிருந்தது.

இவ்வளவும் பார்வையாளர் மனத்தில் நிலைப்பது பற்றி. தாளில் நிலைப்பது என்று வேறொன்று இருக்கிறது. கடைக்காரர் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவும் பாட்டியும் 1962இல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. பாட்டியின் மூக்குத்தியில் இரண்டு ஜன்னல்களின் வெளிச்சம் தெரியும். அதே கூடத்தில் 1984இல் நடந்த என் சித்தப்பாவின் கல்யாண ஆல்பம் இருக்கிறது. வண்ணப் படங்கள், அன்றைக்கு நல்ல செலவு. இன்று அதில் மாப்பிள்ளை, பெண், வாழைமரம், மேளக்காரர் எல்லாரும் செங்காவி நிறத்தில் இருக்கிறார்கள். அக்கால வண்ணத்தாளில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றுக்கு முன்னே வெளுத்துப்போகும். ஆல்பத்தை இருட்டுப் பெட்டியில் வைத்திருந்தாலும் தப்பாது. 2006 முதல் 2009 வரை என் மகளின் மழலைப் பருவத்தை நான் எடுத்த படங்கள் எதுவுமே இல்லை. ஒரே வன்தட்டில் வைத்திருந்தேன், அது ஒரு நாள் கிர்ரென்றது.

அந்த ஸ்டுடியோக்காரரிடம் பல ஆண்டுகளுக்கு முன்பு, அவர் கடையை மூடும் தறுவாயில், பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன கேமரா வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அதைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை. அப்பா வாங்கிய மரப்பெட்டி, லென்ஸில் ஒரு கீறல்கூட உண்டு என்றார். ஆனால் கழுவுவதைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஹைப்போ போகணும் தம்பி. ஒரு மணி நேரம் ஓடுற தண்ணியில கெடக்கணும். அவசரத்துக்கு எடுத்துக் காயப்போட்டா பத்து வருஷத்துல மஞ்சள் பூத்துரும்.” வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்தும் அந்த ஹைப்போவின் குணத்தை 1819இல் கண்டறிந்து, 1839இல் புகைப்படத்துக்குப் பயன்படும்படி எடுத்துச் சொன்னவர், கேமரன் படமெடுத்தாரே, அதே ஹெர்ஷல். கும்பகோணத்துப் பெரியவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என் பாட்டியின் மூக்குத்தி இன்னும் மின்னுவதற்குக் காரணம் லென்ஸ் அன்று, அவர் திறந்து விட்ட குழாய்.

ஆகவே அக்கா மகனுக்கு நான் சொல்ல வந்தது: கருவி முக்கியம்தான். எத்தனை மெகாபிக்சல் என்று கடையில் எழுதிப்போட்டிருக்கும் இடத்தில் அது பெரும்பாலும் முக்கியமில்லை. அது எதைச் செய்யவிடாது என்று உனக்கு உடம்பிலேயே தெரிந்திருக்கிறதா, அது எங்கே உனக்குத் தெரியாமல் உனக்காகத் தீர்மானிக்கிறது, எடுத்த பிறகு படம் எதன்மேல் உட்காரப் போகிறது என்கிற இடங்களில்தான் முக்கியம். உன் கைப்பேசியே இரவில் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கித் தருகிறது. தவறில்லை, ட்ரைப்பும் 21ஐ ஒன்றாக்கினார். ஆனால் எங்கே ஒட்டினார் என்பது அவருக்குத் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். ஒன்றரை லட்சத்தில் பாதிக்குப் பழைய கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் வாங்கு. மீதியில் நல்ல முக்காலி ஒன்று, இரண்டு வன்தட்டுகள், ஆண்டுக்கு முப்பது படங்களை நல்ல பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிடும் செலவு. இந்த முடிவை மட்டும் முதலில் தொலைபேசியில் சொன்னேன். கேட்டதும் அவன் முகம் வாடியிருக்கும். தொலைபேசி ஆனதால் தெரியவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அதற்குள் நான் மென்பொருள் தந்த படத்தை ஒதுக்கிவிட்டு, 140 தனிப்படங்களில் உட்கார்ந்து தேடி, வெயிலும் தொலைவும் ஓரளவு ஒத்துவரும் 17 படங்களை மட்டும் எடுத்து, ஒரே அளவில் அச்சிட்டு, கத்தியால் வெட்டி, மைதாப் பசை வேண்டாம் என்று புத்தகம் தைப்பவர்கள் பயன்படுத்தும் பசையை வாங்கி, நீளமான அட்டையில் ஒட்டி முடித்திருந்தேன். மூன்று இரவுகள் ஆயின. குமுதம் ஓரிடத்தில் அரை அங்குலம் ஏறி நிற்கிறது. இரண்டு தாள்களுக்கு இடையே காலை ஏழரை மணி வெயிலும் எட்டேகால் மணி வெயிலும் அருகருகே கிடக்கின்றன. அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஒட்டெல்லாம் தெரியுதே மாமா” என்றான். தெரிகிறதுதான். பதிப்பில் உள்ள பாடத்தை அவன் கையில் கொடுத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொன்னேன். விரலை வைத்து வாசித்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனான். ஒன்றும் குறையவில்லை.